ஆங்கிலப் பேச்சில் ‘கொச்சை’: அகராதிக் குறியும் சமூகத் தீர்ப்பும்

ஆங்கிலத்தில் ஒரு சொல் ‘கொச்சை’ என ஒதுக்கப்படும்போது மதிப்பிடப்படுவது அச்சொல்லா, அதை வழங்கும் மக்களா என்பது ஆராயத்தக்கது. ஒலிச்சிதைவு, இலக்கணப் பிழை, வேர் தெரியாமை எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. மூன்று நூற்றாண்டுச் சான்றுகளை நோக்கின், இக்காரணங்கள் பெரும்பாலும் தீர்ப்பு வழங்கப்பட்ட பின்னர்த் தேடிக்கொள்ளப்பட்டவை என்றே கருத வேண்டியுள்ளது.

1710இல் ‘டாட்லர்’ இதழில் எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், சொற்களைக் குறுக்கி வழங்கும் நாகரிகத்தைக் கடிந்தார். ‘மொபிலே’ என்னும் இலத்தீன் சொல் குறுகிப் பிறந்த ‘மாப்’ அவர் வெறுத்தவற்றுள் ஒன்று. 1712இல் மொழியைத் திருத்தி நிலைநிறுத்த ஓர் அமைப்பு வேண்டும் என்றும் முன்மொழிந்தார். அமைப்பு தோன்றவில்லை, ‘மாப்’ நிலைபெற்றது. பின்னாளில் ‘ஆம்னிபஸ்’ குறுகி ‘பஸ்’ ஆனது இன்று எவர் செவியையும் உறுத்துவதில்லை.

சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி இம்மனப்பான்மைக்கு அறிவுத்துறை வடிவம் தந்தது. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘ஃபன்’, திறமையைக் குறிக்கும் ‘கிளவர்’, சிறுபணியைக் குறிக்கும் ‘ஜாப்’ ஆகியன அதில் இழிசொற்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. இன்று இவை எவ்விதக் குறியுமின்றி வழங்குகின்றன. அகராதியின் முன்னுரையே இதற்கு விளக்கம் தருகிறது. உழைப்பாளரும் வணிகரும் வழங்கும் சொற்கள் தற்செயலானவை, நிலையற்றவை. அவை அழியுமாறு விடப்பட வேண்டியவை என்பது ஜான்சனின் கருத்து. மொழி மாற்றத்தை எந்த அகராதியாலும் தடுத்து நிறுத்த இயலாது என்று அதே முன்னுரையில் ஒப்புக்கொண்டவரும் அவரே. ஆயினும், எவர் சொல் நிலைக்கும் என்னும் கணிப்பில் அவரை வழிநடத்தியது வேர்ச்சொல் ஆய்வன்று, தொழிற்பிரிவே.

ஜான்சன் இழிவுக் குறியாகக் கையாண்ட ‘கேன்ட்’ என்பது அடிப்படையில் ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் மொழியாகும். நன்னூல் குழூஉக்குறியை இடக்கரடக்கல், மங்கலம் ஆகியவற்றோடு தகுதி வழக்கினுள் வைத்தது. ஒரு மரபு தகுதி எனக் கொண்டதை மற்றொன்று தகுதியின்மை எனக் கொண்டமை ஒப்பியல் நோக்கில் சுட்டத்தக்கது. (இதனால் தமிழ் மரபு இழிவழக்குத் தீர்ப்பே வழங்கவில்லை என்று பொருளன்று.)

‘எயின்ட்’ என்னும் சொல்லின் வரலாறு இச்சிக்கலை மேலும் தெளிவாகக் காட்டும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் மேட்டுக்குடியினரும் இதனைப் பேசினர். டாரதி சேயர்ஸ் படைத்த உயர்குடித் துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சி இருபதாம் நூற்றாண்டிலும் இதைக் கூசாமல் கையாள்கிறார். அதே சொல் தொழிலாளி வாயில் கல்லாமையின் அடையாளமாயிற்று. இலக்கணம் இதற்குக் காரணமாகாது. தன்மை ஒருமையில் ‘ஆரன்ட் ஐ’ என வினவுவது எழுவாய்க்கும் வினைக்கும் இயைபற்றது. எனினும் அது ஏற்கப்படுகிறது.

ஆலன் ராஸ் 1954இல் எழுதிய கட்டுரையும், அதனைத் தொடர்ந்து நான்சி மிட்ஃபோர்டு 1955இல் எழுதியதும் வேறொரு திசையிலிருந்து இதனை உறுதிப்படுத்துகின்றன. சரியாகக் கேட்காதபோது ‘பார்டன்?’ எனப் பணிவாக வினவுவோர் நடுத்தர வகுப்பினர், ‘வாட்?’ என வெடுக்கெனக் கேட்போரே உயர்குடியினர். இங்கு நயமான சொல்லே தாழ்வின் அடையாளமாகிறது. இவ்வொரு சான்றே சொல்லின் இயல்பைக் காரணமாகக் காட்டும் வாதத்தை வீழ்த்தப் போதுமானது.

1961இல் ஃபிலிப் கோவ் பதிப்பித்த வெப்ஸ்டர் மூன்றாம் அகராதி ‘பேச்சுவழக்கு’ என்னும் குறியைக் கைவிட்டது. ‘எயின்ட்’ பலரால் ஏற்கப்படாதது என்பதைக் கூறிய அப்பதிவு, கற்றோர் பலர் பேச்சிலும் அது வழங்குவதைச் சேர்த்துக் கூறியது. இப்பிற்பகுதியே அமெரிக்க இதழ்களில் பெரும் கண்டனத்தை எழுப்பியது. 1969இல் வெளிவந்த அமெரிக்கன் ஹெரிடேஜ் அகராதி, எழுத்தாளர் முதலியோர் அடங்கிய குழுவிடம் சொல்வழக்குகள் குறித்துக் கருத்துக் கேட்டு வெளியிட்டது. அக்குழு 2018இல் கலைக்கப்பட்டது.

குழு கலைந்தாலும் மனப்பான்மை கலையவில்லை. 2013இல் தென் லண்டன் பள்ளியொன்று மாணவர் பேசக்கூடாத சொற்களைப் பட்டியலிட்டு ஒட்டியது. நேர்காணலிலும் பணியிலும் மாணவர் பின்தங்கக்கூடாது என்னும் நோக்கம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ‘எல்லா வழக்கும் சமம்’ என்னும் மொழியியலார், அதனைப் பொதுமொழியிலேயே எழுதுகின்றனர் என்பதும் மறுக்க இயலாதது. ஆனால், பணி தருவோரின் முற்சாய்வைச் சொல்லின் குற்றமாக மாணவருக்குக் கற்பிப்பது வேறு. அப்பட்டியலில் ‘எயின்ட்’, ‘இன்னிட்’ ஆகியவற்றோடு, ‘பேசிக்கலி’ எனத் தொடரைத் தொடங்குவதும் தடைசெய்யப்பட்டிருந்தது. கிரேக்க வேரிலிருந்து வந்த ‘பேசிக்கலி’ எந்த நிலையிலும் கொச்சையன்று, ஆய்வேடுகளிலும் வழங்குவது. அம்மாணவர் அதனை மிகுதியாகப் பேசினர் என்பதைத் தவிர, அது அப்பட்டியலில் இடம்பெற வேறு காரணம் புலப்படவில்லை.