வெள்ளைச் சேலையும் நீலச் சுடரும்: மலையாளப் பேய்ப்படங்களின் நிறமொழி

பேய்ப்படத்தில் நிறம் வெறும் அலங்காரம் அல்ல. எங்கே அஞ்ச வேண்டும் என்பதை அது முன்கூட்டியே உணர்த்துகிறது. இருப்பவரையும் இறந்தவரையும் ஒரே சட்டகத்துக்குள் பிரித்துக் காட்டுகிறது. பாத்திரம் வாய்விட்டுச் சொல்லாததைச் சுவரிலும் உடையிலும் விளக்கொளியிலும் வைத்துவிடுகிறது. சிவப்பு ஆபத்து, கறுப்பு தீமை, வெள்ளை தூய்மை என்ற பொதுவான அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்துவிட முடியாது. ஒரு படத்தின் நிறங்கள் அந்த மண்ணின் சடங்கிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் விளக்கிலிருந்தும் வருகின்றன. படமெடுத்த காலத்தின் தொழில்நுட்பமும் அவற்றை வடிவமைக்கிறது. அறுபது ஆண்டு மலையாளப் பேய்ப்படங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

எல்லையில் ஒரு நீலி

இந்தப் படங்களில் வரும் யட்சிகள் பலருக்கும் பூர்வீகம் தென்திருவிதாங்கூர்.  திருவனந்தபுரம்–கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் தாண்டினால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தைப் பிரித்ததே தவிர, கதைகளைப் பிரிக்கவில்லை. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் தொகுத்து வெளியிட்ட ‘ஐதிஹ்யமாலை’யில் வரும் காஞ்ஞிரோட்டு யட்சியின் ஊர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் காஞ்சிரகோடு. மற்றொரு யட்சியான கள்ளியங்காட்டு நீலியின் காடும் அதே மாவட்டத்தில்தான்.

ஆனால் எல்லையின் இரு பக்கத்திலும் நீலியின் நிறம் ஒன்றல்ல. ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள முப்பந்தலில் நீலி கதையோடு இணைத்து வணங்கப்படும் இசக்கியம்மன் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் உரியவள். அவளுக்குச் சேலையும் வளையலும் வருகின்றன, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டிலும் கட்டப்படுகிறது. மலையாளத் திரையில் அதே மரபின் யட்சி வெள்ளைச் சேலை உடுத்து, கூந்தலை விரித்துப்போட்டு, பாலை மரத்தடியில் நின்று வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்கிறாள். கோயிலில் சிவப்பு, திரையில் வெள்ளை. ஒருத்தியைத் தாயாக்கி அருகில் கொண்டுவருகிறது ஒரு நிறம். உறவற்றவளாக்கித் தள்ளி நிறுத்துகிறது மற்றொன்று.

சடங்கு தந்த வண்ணங்கள்

கேரளத்தின் களமெழுத்தில் ஐந்து பொடிகள் உண்டு. அரிசிமாவு வெள்ளை, மஞ்சள்பொடி மஞ்சள், உமிக்கரி கறுப்பு, பச்சிலைப்பொடி பச்சை. ஐந்தாவதான சிவப்பு தனியாக எதிலிருந்தும் வருவதில்லை. மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் கிடைக்கிறது. தரையில் பல மணி நேரம் எழுதிய தேவியின் உருவம் சடங்கின் முடிவில் அழிக்கப்படும். பத்ரகாளி கோயில்களின் ‘குருதி’ச் சடங்கிலும் இதே சேர்க்கைதான். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு விழுந்ததும், அதன் காரத்தால் நிறம் மாறி, பாத்திரம் முழுவதும் இரத்தமாகத் தெரியும். அது உயிர்ப்பலிக்கு மாற்று. தமிழ் வீடுகளில் மணமக்களுக்குச் சுற்றும் ஆரத்தியும் இதே நீர்தான். அங்கே அது கண்ணேறு கழிக்கிறது. ஒரே சிவப்பு ஒரு வாசலில் வரவேற்பு, மற்றொரு சந்நிதியில் பலி. எல்லைப்புறப் பார்வையாளர் இரண்டையும் அறிந்தவர். திரையில் சிவப்பைக் கண்டதும் அவர் மனத்தில் அச்சமும் மங்கலமும் சேர்ந்தே எழுகின்றன.

கதகளியின் வண்ண ஒழுங்கும் இப்படித்தான். பச்சை முகம் உயர்ந்த நாயகனுக்கு, சிவப்புத் தாடி கொடியவனுக்கு, கரி வேடம் அரக்கிக்கு. ஆயினும் ‘கிராதம்’ கதையில் வேடனாக வரும் சிவன் கறுத்த தாடியோடு மேடையேறுகிறார். எனவே அங்கே கறுப்பு காட்டையும் குறிக்கிறது. தீமையை மட்டும் குறிப்பதில்லை.

கறுப்பு வெள்ளைக் காலம்

1964இல் வந்த ‘பார்கவி நிலையம்’ மலையாளப் பேய்ப்படங்களுக்கு அடித்தளம். வைக்கம் முகம்மது பஷீர் தம்முடைய ‘நீலவெளிச்சம்’ சிறுகதையைத் தாமே திரைக்கதையாக்கினார். ஒளிப்பதிவாளரான ஏ. வின்சென்ட் இயக்கிய முதல் படம் இது. பேய் இருக்கும் வீடு என்று பெயரெடுத்த வீட்டில் தனியாகத் தங்கும் எழுத்தாளன், விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்து எண்ணெய் வாங்க வெளியே போகிறான். திரும்பி வரும்போது அறை நீல ஒளியில் மூழ்கியிருக்கிறது. வறண்டுபோன விளக்கில் நீலச் சுடர். ஏற்றியது யார் என்று தெரியாது. கதையின் உச்சமே ஒரு நிறம்.

அந்த நிறத்தைக் கறுப்பு வெள்ளைச் சுருள் காட்ட முடியாது. ஆகவே படம் அச்சத்தின் பாரத்தை வேறிடத்தில் ஏற்றியது: நிலவொளி, நீண்ட நிழல், கிணறு, வெள்ளைச் சேலை. இருண்ட பின்னணியில் வெள்ளைத் துணி ஒளியை அதிகம் திருப்பி அனுப்புகிறது. முகம் தெரியாத தொலைவிலும் உருவம் தெரிகிறது. அந்நாளில் கேரளப் பெண்களின் அன்றாட உடையும் வெண்மையாகவே இருந்தது. பழகிய உடை, பழகாத வேளையில், பழகாத இடத்தில் நின்றதால் பயம் பிறந்தது. பிற்கால யட்சிகளுக்கு வெண்மை சீருடையானதில் இந்தக் காட்சிகளுக்குப் பெரும் பங்குண்டு.

1968இல் மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் நாவலைத் தழுவி கே.எஸ். சேதுமாதவன் ‘யட்சி’யை இயக்கினார். ஆய்வகத்தில் நேர்ந்த விபத்தில் முகம் சிதைந்த விரிவுரையாளராகச் சத்யன், அவரை ஏற்று மணக்கும் பெண்ணாகச் சாரதா. இங்கே முக்கியக் குறியீடு அவளுடைய உடையில் இல்லை. அவனுடைய முகத்தில் இருக்கிறது. மனைவி யட்சி என்ற ஐயம் அந்தக் காயத்திலிருந்து வளர்கிறது. பார்க்கப்படுபவளிடமிருந்து பார்ப்பவனிடம் பேயை இடம் மாற்றிய படம் இது.

வண்ணப்படங்கள்

பாசில் இயக்கி 1993 டிசம்பரில் வெளியான ‘மணிச்சித்திரத்தாழ்’ இந்த மாற்றத்தை முழுமையாக்கியது. மது முட்டம் எழுதிய கதையில் கங்கை என்ற பெண்ணுக்குள் விழிப்பவள் தஞ்சாவூர் நடனக்காரி நாகவல்லி. அவள் பேசுவது தமிழ். படத்தின் பகுதிகள் தக்கலை அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனையிலும் திரிப்பூணித்துறை ஹில் பேலஸிலும் எடுக்கப்பட்டவை. பத்மநாபபுரத்தின் கண்ணாடிபோல் மினுங்கும் கருந்தரையும் மரச்சாளர இருளும் இந்த வகைக் கதைக்கென்றே அமைந்தவை. தெற்கினி என்னும் பூட்டிய தெற்குக் கட்டு, சித்திரத் தாழ், சுவரோவியம், நடன உடை, சலங்கை என்று பொருள்கள் வழியே நாகவல்லி கங்கைக்குள் நுழைகிறாள். பகல்நேரக் கங்கையின் அடக்கமான உடையும் இரவின் நடன அலங்காரமும் ஒரே உடலின் இரு மனங்கள்.

உச்சக்கட்டம் துர்காஷ்டமி இரவில் நிகழ்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்வது களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான். அந்தச் சாலையோர மக்களுக்கு அந்த நாளின் நிறங்கள் பண்டிகையின் நிறங்கள். அதே நாளில் நாகவல்லியின் பழிவாங்கலை வைத்ததால், அச்சத்துக்குள்ளும் ஒரு தெய்வீகம் கலந்துவிட்டது. நாகவல்லியை வெறுக்க முடியாமல் போவது அதனால்தான். இந்தப் பாத்திரம் ஷோபனாவுக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

சந்தோஷ் சிவனின் ‘அனந்தபத்ரம்’ (2005) சடங்கு வண்ணங்களையும் ரவிவர்மாவின் ஓவிய அழகையும் நேரடியாகத் திரைக்கு எடுத்தது. தமிழில் மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) வேறு வழி போனது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறைபாடே அதன் முடிச்சை அவிழ்க்கிறது. நிறம் அங்கே குறியீடாக நிற்காமல் சாட்சியாகவே மாறுகிறது.

திரும்பி வந்த நிறங்கள்

2023இல் ஆஷிக் அபு ‘நீலவெளிச்சம்’ என்ற பெயரிலேயே பஷீரின் கதையை வண்ணத்தில் எடுத்தார். நீலத்தை இப்போது கண்ணால் காண முடிந்தது. ஆனால் இரவுக் காட்சிகளுக்கு நீலம் பூசுவது 1922இன் ‘நோஸ்ஃபராட்டு’ காலத்திலிருந்தே உலகத் திரையின் வழக்கம். எங்கும் நீலமாயிருக்கும் இரவில் ஒரு நீலச் சுடர் வியப்பூட்டுவது கடினம்.

ராகுல் சதாசிவன் எதிர்த்திசையில் நடந்தார். ‘பூதகாலம்’ (2022) சாதாரண நடுத்தர வீட்டின் மங்கிய வண்ணங்களில் தாய்–மகன் துயரத்தைக் காட்டியது. 2024 பிப்ரவரியில் வந்த ‘பிரமயுகம்’, ஷெஹ்னாத் ஜலாலின் ஒளிப்பதிவில் முழுக்கக் கறுப்பு வெள்ளை. மழைக்காலக் கேரளத்திலிருந்து பச்சையை எடுத்துவிட்டால், சுற்றுலா விளம்பரத்து அழகு போய்ச் சேறும் பாசியும் சிதைந்த மனையும் எஞ்சுகின்றன. இரத்தமும் சேறும் ஒரே சாயலாகின்றன. மம்மூட்டியின் கொடுமண் போற்றிக்கும் தப்பியோடி வந்த பாணன் தேவனுக்கும் இடையிலுள்ள சாதி அதிகாரம், அலங்காரம் ஏதுமின்றி ஒளியும் இருளுமாக நிற்கிறது. 2025இன் ‘லோகா’வில் கள்ளியங்காட்டு நீலி நாயகியாகவே வந்தாள், வெள்ளைச் சேலை மரபு அங்கே கைவிடப்பட்டது.

படிக்கும் முறை

உலகப் படங்களும் இதே பாடத்தையே தருகின்றன. டாரியோ அர்ஜென்டோவின் ‘சஸ்பீரியா’ (1977) காரணமே சொல்லாமல் சுவர்களைச் சிவப்பிலும் நீலத்திலும் முக்குகிறது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் (1960) குளியலறையில் ஓடும் இரத்தம் சாக்லேட் குழம்பு, கறுப்பு வெள்ளையில் நிறத்தைவிட அடர்த்திதான் முக்கியம்.

ஆகவே நிறத்துக்குப் பொருள் சொல்லுமுன் கேட்க வேண்டியவை சில. இந்த நிறம் காட்சிக்குள் எதிலிருந்து வருகிறது? அதற்கு எதிரில் எந்த நிறம் நிற்கிறது? படத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் அது யாருடைய உடலிலிருந்து யாருடைய உடலுக்குப் போகிறது? அந்த ஊரின் கோயிலிலும் வீட்டிலும் அதற்கு என்ன வேலை? இவற்றுக்கு விடை தராத குறியீட்டு விளக்கம் ஊகம் மட்டுமே. நீலியின் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த எல்லைப்புற மக்களின் பார்வையே இந்தப் படங்களுக்குப் பொருந்தும் நல்ல விமர்சனக் கருவி. மலையாள, தமிழ்த் திரை ஆய்வுகள் அதை இனியாவது கையிலெடுக்க வேண்டும்.