கல்தூணும் கும்மட்டமும்

காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் பழைய பள்ளிவாசல்களைக் காண்போர், 'கோயில் மண்டபம் போலிருக்கிறதே' என்பர். புகழ்ச்சியாகச் சொல்வோரும் உண்டு. குறையாகச் சொல்வோரும் உண்டு. இருசாராரும் கட்டடத்தைக் கூர்ந்து நோக்கவில்லை என்பதே நம் கருத்து.

கடல் வணிகத்தின் வழியே அரபுத் தொடர்பு பெற்ற நம் முன்னோர், மார்க்கத்தை அங்கிருந்து பெற்றனர். கட்டடக் கலையை இம்மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டனர். தூணும் போதிகையும் உத்தரமும் தமிழகத்துச் சிற்பிகளின் மரபு. ஆயினும் அத்தூண்களில் உருவங்கள் இல்லை. கொடியும் மலருமே உண்டு. கருவறை இல்லை, கிப்லாவைக் காட்டும் மிஹ்ராபும், அனைவரும் ஒரே அணியில் நிற்கும் கூடமுமே உண்டு. இதனைப் போலச்செய்தல் என்பது பொருந்தாது. எதை ஏற்பது, எதை விலக்குவது என்று தெளிந்து செய்த தேர்வு இது. கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளியின் மர அடுக்குக் கூரையும், ஜாவாவின் தெமாக் பள்ளியின் மூவடுக்குக் கூரையும் இத்தகைய தேர்வின் பிற சான்றுகள்.

1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் நம்மவர் வளைகுடா நாடுகளுக்குத் திரளாகச் சென்றனர். அவர்கள் ஈட்டிய பொருளால் மத்ரஸாக்கள் எழுந்தன, பள்ளிகள் விரிந்தன. இது நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆனால், பொருளோடு ஓர் எண்ணமும் வந்தது: கும்மட்டமும் மினாராவும் இருந்தால்தான் அது 'இஸ்லாமியக் கட்டடம்' என்பது.

வரலாறு இதற்குத் துணைநிற்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் எழுப்பிய பள்ளிக்குப் பேரீச்ச மரங்களே தூண்கள். அதன் ஓலையே கூரை. மினாராவும் அன்று இல்லை. ஹிஜ்ரி 72-இல் (கி.பி. 691-92) ஜெருசலத்தில் எழுந்த குப்பத்துஸ் ஸக்ராவின் கும்மட்டம் பைசாந்தியக் கட்டட மரபைத் தழுவியது. நபியவர்களின் அடக்கத்தலத்தின் மீது கும்மட்டம் அமைந்ததோ கி.பி. 1279-இல்தான். ஆக, கும்மட்டமும் ஒரு வட்டாரத்தார் தம் அண்டை மரபிலிருந்து எடுத்துக்கொண்டதே. ஷாம் தேசத்தார்க்குத் தகுமென்றால், தமிழகத்தார்க்கு மட்டும் கல்தூண் தகாது போவது எங்ஙனம்? மார்க்கத்திற்கு முரணாகாத ஊர் வழக்கத்திற்கு மதிப்பளிப்பது ஃபிக்ஹு அறிஞர்கள் ஒப்பிய விதியன்றோ!

தொழுவோர் பெருகும்போது இடம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. பழைய கூடத்தை நிறுத்தி, அதன் பக்கத்தில் விரிவாக்கலாம். இடித்தே ஆகவேண்டுமெனில், முதலில் அளந்து, படமெடுத்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்தல் ஜமாஅத்தின் கடமை. கான்கிரீட் கும்மட்டத்தை எப்போது வேண்டுமாயினும் கட்டிக்கொள்ளலாம். முன்னோரின் அத்தேர்வுக்குச் சான்றாக நிற்கும் தூண் ஒருமுறை சாய்ந்தால் சாய்ந்ததுதான்.