குடியை விட்டவனின் மரணம்

நமது சிறுகதைகளில் அடிக்கடி வந்துபோகும் பாத்திரங்களுள் குடிகாரத் தந்தையும் ஒருவன். கதையின் முக்காற் பங்கிலும் அவன் குடிக்கிறான்; மனைவியை அடிக்கிறான்; சம்பள நாளன்று தவறணையிலே பணத்தைத் தொலைக்கிறான். இறுதியில் பிள்ளையின் நோயோ மனைவியின் கண்ணீரோ அவன் நெஞ்சைத் தொடுகிறது. போத்தலை நிலத்தில் அறைந்து உடைக்கிறான். மறுநாள் காலையில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு புதிய மனிதனாக வேலைக்குப் புறப்படுகிறான். கதை முடிகிறது, வாசகர் நெஞ்சு நிறைகிறது.

இம்முடிவு கலை நோக்கிற் பலவீனமானது என்பதைப் பலர் கூறியுள்ளனர். அது உண்மை நோக்கிலும் பொய்யானது, சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தானது என்பதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் முன்னர் கற்பித்த தோட்டப்புறப் பாடசாலையொன்றில், மாணவர் சிறுகதைப் போட்டியிலே இத்தகைய கதை ஒன்றுக்கு முதற் பரிசு வழங்கினேன். 'நம்பிக்கை தரும் முடிவு' என்று தாளின் ஓரத்திற் பாராட்டும் எழுதினேன். அதே ஆண்டு திருவிழாவிலே என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை, இருபது ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவர், மாரியம்மன் கோயிலிற் காப்புக் கட்டி அன்றே குடியை விட்டார். லயத்தார் மகிழ்ந்தனர்; நானும் மகிழ்ந்தேன். மறுநாள் அவருடைய கைகள் நடுங்கின, சோறு தங்கவில்லை. அன்றிரவு வலிப்பு வந்தது. மூன்றாம் இரவு, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று அலறினார். வியர்வையில் நனைந்து, தன் மகனையே அடையாளம் காணாது அடிக்க எழுந்தார். பேய் என்றனர் சிலர். இத்தனை காலம் குடித்ததற்குச் சாமி குற்றம் என்றனர் வேறு சிலர். உடுக்கு அடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றபோது விடிந்துவிட்டது. அன்று மாலை அவர் இறந்தார். என் பாராட்டுக் குறிப்பு அந்த மாணவர்களின் நெஞ்சில் என்னவாகப் பதிந்திருக்கும் என்று அன்று தொடங்கிய கேள்வி இன்னும் ஓயவில்லை.

இவ்விடயத்தை உலக இலக்கியம் எவ்வாறு நோக்கியது? முதலில் நினைவுக்கு வருவது பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலாவின் 'லசொம்முவார்'. 1876இல் தொடராக வந்து 1877இல் நூலாக வெளியான இந்நாவல் பாரிஸ் நகரத் தொழிலாளர் வாழ்வைக் கூறுவது. கூரைகளுக்குத் துத்தநாகத் தகடு வேயும் தொழிலாளி கூப்போ. அவன் தந்தையும் அதே தொழிலாளி. குடிபோதையிற் கூரையிலிருந்து விழுந்து இறந்தவர். எனவே கூப்போ தொடக்கத்திற் பிராந்தியைத் தொடுவதில்லை. ஆயின் அவனும் ஒருநாள் கூரையிலிருந்து விழுகிறான். சலவைத் தொழிலாளியான மனைவி ஜெர்வேஸ் தன் சேமிப்பைச் செலவிட்டு அவனைக் காப்பாற்றுகிறாள். தொழில் விபத்துக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் பிரான்சில் 1898இலேயே வந்தது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. வேலையற்ற அந்த மாதங்களில் தொடங்கிய குடி, இறுதியில் அவனைச் சாந்த் ஆன் மனநோய் மருத்துவமனையிற் கொண்டு சேர்க்கிறது. அங்கே அவன் உடல் முழுவதும் நடுங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறிச் சாகிறான். உறக்கத்திலும் அவன் கால்கள் நடனமாடுவதை ஸோலா வருணிக்கும் பகுதி வாசகனை உலுக்குவது. அம்மருத்துவமனையின் வைத்தியர் வலாந்தேன் மன்யான் 1874இல் வெளியிட்ட நூலை ஸோலா இதற்குப் பயன்படுத்தினார்.

வருணனை உண்மையானது. ஆனால், காரணம்? குடித்த மதுவே நேரடியாக மூளையை எரித்தது என்ற எண்ணத்துடனேயே வாசகன் நூலை மூடுகிறான். அக்கால மருத்துவத்திற் பலரும் அவ்வாறே எண்ணினர். இந்நடுக்கச் சன்னிக்கு 1813இல் ஆங்கில வைத்தியர் தோமஸ் சட்டன் பெயரிட்டபோதிலும், அது குடியால் வருவதா, குடியை நிறுத்துவதால் வருவதா என்ற வாதம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1955இல் அமெரிக்க ஆய்வாளர் ஹரிஸ் இஸ்பெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதற்குத் தெளிவான விடை தந்தது. பத்துப் பேருக்கு நாள்தோறும் மது கொடுத்துத் திடீரென நிறுத்தினர். நல்ல உணவும் விற்றமினும் பெற்றவர்களுக்கே, ஏழு வாரத்துக்கு மேற் குடித்தவரிடையே, வலிப்பும் சன்னியும் தோன்றின. அப்பத்துப் பேரும் சிறைக் கைதிகள். மனிதகுலத்துக்குக் கிடைத்த இந்த அறிவிற்கும் சிறைப்பட்டவனின் உடலே விலையாயிற்று.

இன்று நாம் அறிவது இது: மது மூளையின் செயலை அடக்குகிறது. நாள்தோறும் அடக்கப்படும் மூளை, அதற்கு எதிராகத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. மதுவைத் திடீரென எடுத்தால், எதிர்ப்பின்றிக் கிளர்ச்சி மட்டுமே எஞ்சுகிறது. ஆறு முதல் எட்டு மணித்தியாலத்தில் நடுக்கமும் வியர்வையும் வாந்தியும் தொடங்கும். முதல் இரு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் நடுக்கச் சன்னி வரலாம். குடிப்பவர் அனைவருக்கும் இது நேர்வதில்லை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவருக்கும், முன்னர் ஒருமுறை இவ்வாறு துன்புற்றவருக்குமே அபாயம் அதிகம். டயஸிபாம் போன்ற மருந்தும் தயமின் என்னும் விற்றமின் பி1உம் வைத்தியக் கண்காணிப்பும் இருந்தால், பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். மருந்தின்றி விட்டால் மரணம் அரிதன்று.

இவ்வறிவோடு ஸோலாவை மீண்டும் படிப்போமாயின் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கூப்போவுக்கு முதன்முறை புத்தி பேதலிப்பது தவறணையில் அன்று. மார்புநோய் கண்டு பொது மருத்துவமனையிற் கிடந்தபோதே அவனுக்குச் சித்தம் கலங்க, அங்கிருந்து சாந்த் ஆனுக்கு மாற்றப்படுகிறான். கடைசியாகக் குடித்தது எப்போது என்பதே இன்றைய வைத்தியரின் முதற் கேள்வியாக இருக்கும். ஸோலாவின் கண் உண்மையைக் கண்டது; அவருடைய கோட்பாடு அதைக் காணவில்லை. இயற்பண்பு வாதத்தின் பலமும் பலவீனமும் இங்கே ஒருங்கே வெளிப்படுகின்றன. 1888இல் எழுதிய கடிதமொன்றில் எங்கல்ஸ், ஸோலாவிலும் பால்சாக்கையே உயர்ந்த யதார்த்தவாதி எனக் கருதியமைக்கான நியாயத்தை இதிலும் காணலாம். விவரங்களைக் குவிப்பது மட்டும் யதார்த்தமாகாது. விவரங்களின் உள்ளுறவைக் காண்பதே யதார்த்தம். எனினும், கூப்போ வீழ்ந்த கூரையைக் காட்டிய ஸோலா, அவனை வெறும் ஒழுக்கக்கேடனாக்கவில்லை என்பதை மறத்தலாகாது.

அமெரிக்கரான சார்ள்ஸ் ஜாக்சன் 1944இல் எழுதிய 'தொலைந்த வாரவிறுதி' என்னும் நாவல், அடுத்த ஆண்டே பில்லி வைல்டரின் இயக்கத்திற் படமானது. அதன் நாயகன், சுவரிலிருந்து எலியொன்று தலைநீட்டுவதையும் வௌவால் அதைக் கொல்வதையும் காண்பது குடித்த வேளையில் அன்று. குடி தீர்ந்த பின்னரே. அந்நுட்பத்தில் ஜாக்சன் ஸோலாவை விஞ்சுகிறார். ஆயின் அந்நாயகன், செலவைத் தாங்கும் சகோதரனும் தனியறையும் உடைய எழுத்தாள இளைஞன். குடி அவனுடைய அகத்தின் புதிராகவே நின்றுவிடுகிறது. கூரையிலிருந்து விழுந்தவனுக்கு அங்கே இடமில்லை.

இது இலக்கியத்துள் அடங்கும் பிரச்சினையன்று. 2020இல் தொற்றுநோய்க்கால முடக்கத்தின்போது கேரளத்தில் மதுக்கடைகள் ஒரேநாளில் மூடப்பட்டன. மது கிடைக்காதவர்களின் தற்கொலைகள் செய்தியாயின. வைத்தியச் சீட்டுக்கு மது வழங்கலாம் என்று அரசு ஆணையிட, அது மருத்துவமாகாது என வைத்தியர் சங்கத்தினர் எதிர்த்தனர். உயர்நீதிமன்றம் ஆணையை இடைநிறுத்தியது. வைத்தியர் கூற்று சரியானதே. ஆனால், கடையை மூடுமுன் ஆஸ்பத்திரியில் மருந்தையும் கட்டிலையும் ஆயத்தம் செய்வதே மக்களை நேசிப்பவர் வழியாகும்.

குடியை எதிர்த்து எழுதுவது முற்போக்கு எழுத்தாளரின் கடமைதான். தொழிலாளியின் கூலியைத் தவறணை விழுங்குவதைக் கண்டு வாளாவிருத்தல் இயலாது. ஆயினும் மனவுறுதியால் ஓரிரவில் மாறும் மனிதனைப் படைக்கும்போது, நம்மை அறியாமலே நாம் ஒழுக்கப் பிரசாரகரின் அணியிற் சேர்ந்துவிடுகிறோம். அக்கதையின் மறுபக்கம், நடுங்கி மீண்டும் குடித்தவன் உறுதியற்றவன், இறந்தவன் பாவி என்பதாகும். உடலின் விதியை அறியாத நம்பிக்கை, நம்பிக்கையன்று.

போத்தலை உடைக்கும் காட்சியோடு கதையை முடிக்காதீர் என்பதே இளம் எழுத்தாளர்களிடம் எனது வேண்டுகோள். கதை அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த மூன்று இரவுகளை எழுதுங்கள். நடுங்கும் கையை யார் பிடித்தார், ஆஸ்பத்திரி எத்தனை மைல், வாகனம் யாரிடம் இருந்தது, நாட்கூலியை யார் கொடுத்தார் என்பவற்றை எழுதுங்கள். அவன் உயிரோடு வேலைக்குத் திரும்பும் காலையையும் எழுதுங்கள். ஆனால், அவ்வெற்றி அவனுடையது மட்டுமன்று, அவனைச் சுமந்து சென்றவர்களுடையதும் என்பது தெரியும்படி எழுதுங்கள். அத்தகைய கதைக்கே நான் இனி முதற் பரிசு கொடுப்பேன்.