கடைமடைக்கு ஒரு மனு: செயற்கை நுண்ணறிவு உதவியாளரின் பயனும் பிழையும்

கடிதம், சுருக்கம், அட்டவணை போன்ற அன்றாட வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் ஒப்படைக்கும் வழக்கம், 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு வேகமாகப் பரவியது. 2024 ஜூனில் அதே வகையைச் சேர்ந்த ஜெமினி செயலி தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளில் வந்தது. தாமிரபரணிக் கரையில் இந்த வழக்கத்தை எடைபோட ஏற்ற வேலை, மனு எழுதுவது.

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். குறையை வாயால் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பலருக்கு அதை அலுவலகத் தமிழில் எழுத வராது. ‘கன்னடியன் கால்வாயில் கடைமடைக்குத் தண்ணி வரல’ என்று உதவியாளரிடம் குரலால் சொன்னாலே, அனுப்புநர், பெறுநர், பொருள் என ஒழுங்காக ஒரு பக்கம் சில நொடிகளில் தயாராகிவிடும். கோபமும் புலம்பலும் வடிந்து கோரிக்கை மட்டும் நிற்கும். தட்டச்சு அறியாதவருக்கும், எழுதித் தர ஆள் தேட வேண்டியவருக்கும் இது சிறு உதவியல்ல. நீண்ட அரசாணையின் சாரத்தைப் பிழிந்து தருவதிலும் இது கெட்டிதான்.

குறை உள்ளடக்கத்தில் இருக்கிறது. தெரியாத இடத்தை வெற்றாக விடாமல், பொருத்தமாகத் தோன்றுவதை இட்டு நிரப்புவது இதன் இயல்பு. நெல்லையின் நெல் பருவங்கள் காரும் பிசானமும். தமிழில் வேளாண்மை பற்றிக் கிடைக்கும் எழுத்திலோ காவிரிப் படுகையின் குறுவையும் சம்பாவுமே மிகுதி. ஆகவே பிசானம் இருக்க வேண்டிய இடத்தில் சம்பா வந்து உட்கார வாய்ப்புண்டு. இதைச் சொற்பிழை என்று தள்ளிவிட முடியாது. கார் தென்மேற்குப் பருவமழையையும் பிசானம் வடகிழக்குப் பருவமழையையும் நம்பியவை. அணையைத் திறப்பதும் அந்தந்தப் பருவத்தை ஒட்டியே. பருவம் மாறினால் மனுவின் கோரிக்கையே மாறிவிடும். முகவரியிலும் இதே ஆபத்து உண்டு. ஆலங்குளம் 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. பழைய இணையப் பக்கங்களில் அது இன்னும் திருநெல்வேலி மாவட்டம்தான்.

தமிழைக் கையாளும் நுட்பத்திலும் தடை இருந்தது. சொல்லைத் துண்டு துண்டாக்கியே இந்த இயந்திரம் படிக்கும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் காட்டிய மாதிரியில், 116 துண்டுகளான ஒரு தமிழ் வாசகம் புதிய முறையில் 35 ஆகக் குறைந்தது. துண்டு குறைந்தால் வேலை எளிது என்பதால் அது நல்ல முன்னேற்றம். ஆனால் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்பை ஒட்டினால் இன்றும் புரியாத குறிகளே விழும். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்ட பின்னும், பழைய கோப்புகள் அப்படியே கிடக்கின்றன.

ஊர், பருவம், சர்வே எண், முன்பு கொடுத்த மனுவின் தேதி ஆகியவற்றை மனுதாரரே கொடுத்து, வடிவத்தை மட்டும் கேட்டால் பலன் நிச்சயம். சட்டப் பிரிவையும் அரசாணை எண்ணையும் உதவியாளரிடமே கேட்டு எழுதுவது தவறு. இல்லாத எண்ணையும் அது உறுதியாகச் சொல்லக்கூடும், அதை நம்பியவரின் மனு அலுவலக மேசையில் நிற்காது.

கவனம் மிகக் குறைவாக விழும் இடம் தனியுரிமை. மனுவில் ஆதார் எண், பட்டா எண், கைப்பேசி எண் எல்லாம் இருக்கும். கணினி மையத்தின் பொதுக் கணக்கில் எழுதினால் அவை உரையாடல் வரலாற்றில் தங்கி, அடுத்து உட்காருபவர் கண்ணில் படும். இந்தியாவில் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. ஆயினும் எண்களுக்குரிய இடத்தைக் காலியாக விட்டு வாங்கி, அச்செடுத்த தாளில் பேனாவால் நிரப்புவதே இன்றைக்குப் பாதுகாப்பான வழி.