கையடக்க புல்லட்

ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 500-க்கு இணையத்தில் இரண்டு பொம்மைகள் உண்டு. ஒன்று மைஸ்டோவின் 1:12 அளவு. ஏறக்குறைய 18 செ.மீ. நீளம், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். இன்னொன்று ராயல் என்ஃபீல்டே 2022-இல் கொண்டுவந்த 1:3 அளவு, அப்போது விலை அறுபதாயிரம் ரூபாய்க்கும் மேல்.

விலை எங்கே போகிறது என்பதைச் சக்கரம் சொல்லிவிடும். நிஜ வண்டியின் ஸ்போக்ஸ் கம்பியைப் பன்னிரண்டில் ஒரு பங்காக்கினால் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லிய வழியில் ஒழுங்காக ஓடாது. அதனால் சின்ன வண்டியில் கம்பி தடித்துவிடுகிறது. செயினும் பல்சக்கரமும் ஒரே வார்ப்பாக ஒட்டிக்கொள்கின்றன. பெரியதில் கம்பியும் கேபிளும் தனித்தனியாகத் தெரிய இடம் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது.

ஆனால் அந்த உருண்ட டேங்க், தனி சீட், வண்டி நிற்கும் மிடுக்கு! இவற்றைச் சின்னதும் பிசகாமல் பிடித்திருக்கிறது. டேங்கைத் தொட்டால் உலோகத்தின் குளிர்ச்சி. இந்த விலைக்கு இது பெரிய வேலைப்பாடு.

வாங்குகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கி முதலில் சக்கரத்தைப் பாருங்கள். மேசைக்குச் சின்னதே போதும்.