கூட்டத்துக்கு யார் அழைத்துப் போவது?

1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரத்து விடுதி ஒன்றில் பில் வில்சன் தனியாக நின்றிருந்தார். வந்த தொழில் காரியம் தோற்றுவிட்டது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மதுக்கூடத்துக்குப் போவதற்குப் பதிலாகத் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து வரிசையாகத் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு வேண்டியிருந்தது, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி. அந்தத் தேடலில் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற ஏ.ஏ. இயக்கம் இந்த இருவரின் பேச்சிலிருந்து பிறந்தது. 1957இல் அது இந்தியாவுக்கு வந்தது.

நம் ஊரில் குடியை விட நினைப்பவர்கள் கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள், மாலை போடுகிறார்கள். விரதம் இருக்கும் நாள்களில் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பவர், மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறோம். அவருக்கு மனவுறுதி இல்லை என்று சொல்ல முடியாது. நாற்பது நாளுக்கு மேல் உறுதியாக இருந்தவர்தான். விரதத்துக்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது, குடிநோய்க்கு அப்படி ஒரு நாள் கிடையாது. 'இன்று ஒரு நாள் மட்டும்' என்று ஏ.ஏ. சொல்வதன் வலிமை இங்கேதான். அது வாழ்நாள் சத்தியம் கேட்பதில்லை. மறுபடி குடித்துவிட்டு வந்தாலும் நாற்காலி போடுகிறது. கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. மனைவியிடம் பொய் சொன்னதையும் தாலியை அடகு வைத்ததையும் ஒருவர் சொல்லும்போது, எதிரில் இருப்பவர்கள் முகம் சுளிப்பதில்லை. அவர்களும் அதைச் செய்தவர்கள். எந்த மருத்துவராலும் எழுதித் தர முடியாத மருந்து அது.

இது வெறும் நம்பிக்கையும் அல்ல. 2020இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் கணக்கில் எடுத்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில், ஏ.ஏ.வில் முறைப்படி கொண்டு சேர்க்கும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளை விடச் சற்று மேலாகவே இருந்தது. 'முறைப்படி கொண்டு சேர்க்கும்' என்ற சொற்களை அழுத்திப் படிக்க வேண்டும். தானாகத் தேடிப் போனவர் எல்லோருக்கும் இந்தப் பலன் உண்டு என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

இயக்கத்தின் பெரிய குறையாக நான் கருதுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. விளம்பரம் செய்யக் கூடாது, பெயர் வெளியில் வரக் கூடாது என்பவை அதன் மரபுகள். வேலை போகும், பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அஞ்சுபவருக்கு அவை பெரிய அரண். ஆனால் அதே அரண் கதவையும் மறைத்துவிடுகிறது. பகல் 12 மணிக்குத் திறக்கும் டாஸ்மாக் கடைக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. கூட்டம் நடக்கும் பள்ளி அறையையோ தேவாலயக் கூடத்தையோ தேடித்தான் போக வேண்டும். சிறிய ஊரில் பெயரை மறைப்பதும் நடக்காது. உள்ளே நுழைந்தாலே தெரிந்த முகம். குடித்து மீண்டவர் நம் தெருவிலேயே இருந்தும், மீள முடியும் என்பதற்குச் சாட்சியாக அவரை யாரும் காண்பதில்லை.

மற்ற குறைகளும் உண்டு. பன்னிரண்டு படிகளில் பாதி கடவுளைப் பற்றிப் பேசுகின்றன. 'நாம் புரிந்துகொண்டபடி' என்ற விலக்கு இருந்தாலும் பகுத்தறிவாளருக்கு அது எளிதில் ஒட்டாது. ஆண்கள் நிறைந்த அறையில் ஒரு பெண் வாய்திறப்பது இன்னும் கடினம். 'நான் வந்தேன், பிழைத்தேன்' என்று பேசுபவர்கள் தங்கியவர்கள் மட்டுமே. பாதியில் போனவர்களின் கதை அங்கே கேட்காது. மருத்துவத்தில் கவனக்குறைவு உயிரையே வாங்கும். தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம் முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மருந்து சாப்பிடுகிறவர் உண்மையில் குடியை விடவில்லை என்று பழைய உறுப்பினர் யாராவது சொன்னால், அந்தப் பேச்சைக் கேட்கவே கூடாது.

குடிக்கிறவரை விட அவர் மனைவிதான் பெரும்பாலும் கூட்டத்தைத் தேடி அலைகிறார். குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கிய அல்-அனான் அவரிடம், 'இந்த நோய்க்குக் காரணம் நீ இல்லை' என்கிறது. எல்லாப் பழியும் மருமகள் தலையில் விழும் வீடுகளில் அது சின்னப் பேச்சு அல்ல. கணவர் வராவிட்டாலும் அவர் போகலாம், போக வேண்டும்.

தேடும் சுமையை இவர்கள் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை. 1981இல் அமெரிக்காவில் இருபது பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. பாதிப் பேரிடம் கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் சொல்லி அனுப்பினார்கள், ஒருவர்கூடப் போகவில்லை. மறு பாதியினருக்கு, ஆலோசகர் அவர்கள் எதிரிலேயே உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கொடுத்தார், அவர் கூட்டத்துக்குக் கூட்டிப்போக முன்வந்தார். அத்தனை பேரும் போனார்கள். இருபது பேர் என்பது குறைந்த எண்ணிக்கைதான். ஆனால் செலவே இல்லாத காரியம்.

மதுவால் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்த்த தமிழ்நாடு அரசு, தன் மருத்துவமனைகளின் போதை மீட்புப் பிரிவுகளில் இதைக் கட்டாயமாக்க வேண்டும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் அன்றே ஓர் உறுப்பினரோடு பேச்சு, அந்த வாரமே முதல் கூட்டம். அதுவரை, உங்கள் வீட்டில் ஒருவர் விட நினைத்தால் போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446ஐ அவரோடு உட்கார்ந்து நீங்களே அழையுங்கள். முதல் கூட்டத்துக்கு வாசல் வரை கூடவே போங்கள்.