ராக் இசைக்கு மூச்சு கொடுத்த சாக்ஸபோன்

ராக் இசை என்றாலே கிதார் என்று ஆகிவிட்டது. ஆனால் 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் நடன அரங்குகளில், பாடகர் ஓய்ந்ததும் முன்னால் வந்து நின்றவர் டெனர் சாக்ஸபோன்காரர்தான். நான்கு தட்டு கொண்ட 'பார்' பன்னிரண்டு அவருக்குக் கிடைக்கும். சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும்.

இந்த வாசிப்புக்கு ஊற்றுக்கண், 1942இல் லயனல் ஹாம்ப்டன் குழு பதிவுசெய்த 'ஃப்ளையிங் ஹோம்'. டெக்சாஸின் ஹூஸ்டனில் வளர்ந்த இல்லினாய் ஜக்கெட் அதில் ஒரே சுரத்தை விடாமல் அடித்து அடித்துக் கூட்டத்தை எழுப்பினார். அவருக்குப் பின் அந்தக் குழுவுக்கு வந்த ஆர்னெட் காப் முதலான டெக்சாஸ்காரர்களிடமும் ரசிகர்கள் அந்த உக்கிரத்தையே எதிர்பார்த்தார்கள். கனத்த நாதமும் அதில் ஒரு கரகரப்பும் டெக்சாஸ் பாணியின் அடையாளம். அந்தக் கரகரப்பு எப்படி வருகிறது? ஊதிக்கொண்டிருக்கும்போதே வாசிப்பவர் தொண்டைக்குள் வேறொரு சுரத்தை முனகுகிறார். குரலும் சீவாளியின் அதிர்வும் உரசிக்கொள்ள, நாதம் கிழிந்தாற்போல் வெளிவரும். அளவு மீறினால் வெறும் இரைச்சல்தான்.

லாஸ் ஏஞ்சலிஸில் பிக் ஜே மெக்னீலி இதையே உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1949இல் அவருடைய 'டீக்கன்ஸ் ஹாப்' இசைத்தட்டு வெற்றி பெற்றது. மேடையில் மல்லாந்து படுத்தபடி வாசித்தார். வித்தை காட்டுகிறார் என்று ஜாஸ் விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒற்றைச் சுரத்தை வைத்துக்கொண்டே ஒரு கூட்டத்தைக் கட்டிப்போட லயம் எவ்வளவு திடமாக இருக்க வேண்டும்! இதே நடன இசையை ஆல்ட்டோ சாக்ஸபோனில் வாசித்த மன்னர் ஏர்ல் பாஸ்டிக்கின் குழுவில்தான் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனும் சில காலம் வாசித்தார் என்பதையும் அந்த விமர்சகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதல் ராக் இசைத்தட்டு என்று பலர் சொல்லும் 'ராக்கெட் 88' 1951இல் மெம்ஃபிஸில் பதிவானது. அதைப் பாடிய ஜாக்கி பிரென்ஸ்டனே ஒரு சாக்ஸபோன்காரர். நடுவே டெனர் வாசிப்பது ரேமண்ட் ஹில்.

என் மனம் நிற்பது நியூ ஆர்லியன்ஸில். காசிமோ மட்டாசா தம் கடையின் பின்னறையில் வைத்திருந்த சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில் லீ ஆலன் டெனர், ரெட் டைலர் பாரிடோன். ஃபேட்ஸ் டாமினோவின் பாட்டுகளுக்கு ஹெர்ப் ஹார்டெஸ்டி. 1955 செப்டம்பரில் அங்கேதான் லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ரூட்டி' பதிவானது. எல்லோரும் ஒன்றாக வாசித்தாக வேண்டும். ஒருவர் தவறினால் மறுபடி முதலிலிருந்து. ரிச்சர்ட் கத்தி முடித்த இடத்தில் ஆலன் நுழைகிறார். அந்தக் கத்தலோடு அவர் போட்டி போடுவதில்லை. டிரம்மின் தட்டு மேல் ஏறி உட்கார்ந்து, வளைந்து வளைந்து போய், பாட்டைப் பாடகரிடமே பத்திரமாக ஒப்படைக்கிறார். மற்ற பாணிகளை அளக்க எனக்கு இதுதான் அளவுகோல்.

நியூயார்க் பாணிக்கு கிங் கர்ட்டிஸ். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்திலிருந்து போனவர். 1958இல் கோஸ்டர்ஸ் குழுவின் 'யாக்கிட்டி யாக்' பாட்டில், கோழி கொத்துவதுபோல வெட்டி வெட்டி வாசித்து, பாட்டின் குறும்பைத் தன் வாத்தியத்திலும் கொண்டுவந்தார். 1967இல் அரீத்தா ஃபிராங்க்லினின் 'ரெஸ்பெக்ட்' பாட்டிலும் அவர்தான். 1971இல், 37 வயதில், நியூயார்க்கில் தம் வீட்டு வாசலில் குத்திக் கொல்லப்பட்டார்.

மின் கிதாரின் ஒலி ஓங்கியபோது டெனர் மெல்லப் பின்வரிசைக்குப் போனது. அன்றைய இசைத்தட்டுகளில் பாடகரின் பெயரை மட்டும் பெரிதாக அச்சிட்டார்கள். பக்கத்தில் நின்று வாசித்தவர்களின் பெயரை ஒலிப்பதிவு ஏட்டில் எழுதியதோடு சரி. 'டுட்டி ஃப்ரூட்டி' கேட்பவர்கள் அந்தப் பன்னிரண்டு பாரை ஒருமுறை தனியாகக் கேளுங்கள். வாசித்தவர் பெயர் லீ ஆலன்.